பரணில் கிடக்கும் ‘டெக்’கை ஸ்மார்ட் டிவியில் இணைப்பது எப்படி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருபது, முப்பது வருஷமாகக் குடியிருப்பவர்களின் வீட்டுப் பரணில் ஒரு விசிஆரோ டிவிடி பிளேயரோ தூங்கிக்கொண்டிருப்பது சகஜம். விசிஆருக்கு நம்ம ஊரில் பேர் ‘டெக்’. பக்கத்திலேயே அம்மா, அப்பா கல்யாண கேசட்டும் இருக்கும். தாத்தா, பாட்டி நடந்து, சிரித்துப் பேசுகிற ஒரே பதிவு அதுவாகவும் இருக்கலாம். ‘புது டிவியில் இதைச் செருக இடமே இல்லையே’ என்று பலர் டெக்கைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். சில நூறு ரூபாய் செலவில் இணைத்துவிடலாம்.

ஏன் ஒத்துப்போவதில்லை?

டெக் அனுப்புவது அனலாக் சிக்னல். மஞ்சள் பின்னில் படம், சிவப்பு, வெள்ளைப் பின்களில் ஒலி. 2006-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச கலர் டிவி காலம் வரை இதுதான் வழக்கம். 2002 டிசம்பரில் வெளியான ஹெச்டிஎம்ஐ முறையோ படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாக ஒரே ஒயரில் அனுப்புகிறது. இரண்டும் வேறு வேறு பாஷை. நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் டிவியின் பின்னால் பாருங்க

1. மஞ்சள், சிவப்பு, வெள்ளை சாக்கெட் இருந்தால் வேலை சுலபம். அதே கலர் பின்னை அதில் செருகி, ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ அழுத்தி ‘ஏவி’யைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

2. மஞ்சள் இல்லாமல் பச்சை சாக்கெட் இருக்கிறதா? பல டிவிகளில் பச்சையே மஞ்சளுக்கும் பொது. மஞ்சள் பின்னை அதில் செருகுங்க. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவி ‘காம்போனென்ட்’ முறையில் இருக்கலாம். ‘ஏவி’க்கு மாற்றினால் கலர் வந்துவிடும்.

3. ‘ஏவி இன்’ என்று எழுதிய, ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கலாம். அதற்கு ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் மூன்று கலரும் உள்ள கேபிள் வேண்டும். எல்லா கம்பெனி கேபிளும் உள்ளே ஒரே மாதிரி இருக்காது. படம் வராமல் ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று இரைச்சல் கேட்டால், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிப் பாருங்க.

4. ஹெச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால் கன்வெர்ட்டர் பெட்டி தேவை.

கன்வெர்ட்டர் வாங்கும்போது ஏமாறாதீங்க

கடையில் ‘ஏவி டு ஹெச்டிஎம்ஐ’ என்று தெளிவாகக் கேளுங்க. பார்க்க அப்படியே இருக்கும் ‘ஹெச்டிஎம்ஐ டு ஏவி’ பெட்டி நேர் எதிர்த்திசையில் வேலை செய்யும்; டெக்குக்கு உதவாது. அம்பத்தூர், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போனால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். ஆன்லைனிலும் கிடைக்கும். இந்தப் பெட்டிக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலோ மொபைல் சார்ஜரிலோ அதன் ஒயரைச் செருக மறந்தால் ‘நோ சிக்னல்’தான் வரும்.

முகம் அகலமாகத் தெரிகிறதா?

பழைய வீடியோ 4:3 அளவு. இன்றைய டிவி 16:9. இழுத்துக் காட்டுவதால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். டிவி செட்டிங்ஸில் ‘பிக்சர் சைஸ்’ போய் 4:3 வையுங்க. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் சரியான படம். கன்வெர்ட்டரில் 1080 என்று போட்டிருந்தாலும் படம் ஹெச்டி தரத்துக்கு மாறிவிடாது.

கேசட்டைப் போடும் முன்

முக்கியமான எச்சரிக்கை இதுதான். நம்ம ஊர் ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்க. வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் போடவே கூடாது. பூஞ்சை டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்து தருகிறவர்களிடம் கொடுப்பதே நல்லது.

பல வருஷம் ஓடாத டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கலாம், டேப்பை ‘மென்றுவிடும்’. அதனால் முதலில் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய சினிமா கேசட்டை ஓட்டிப் பாருங்க. அது ஒழுங்காக ஓடினால் மட்டும் கல்யாண கேசட்.

பார்த்ததோடு விடாதீங்க

கடைசி வரை விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி டெக் பழுதானால் உதிரி பாகமும், சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகும். டேப்பிலுள்ள காந்தப் பூச்சும் மெல்ல மெல்ல வலுவிழக்கும்.

எனவே டெக் ஓடும்போதே பதிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம். யுஎஸ்பி கேப்சர் கார்டில் மூன்று கலர் பின்னையும் செருகி லேப்டாப்பில் இணைத்தால், இலவச மென்பொருளான ஓபிஎஸ் மூலம் ரெக்கார்டு செய்யலாம். இதில் குறுக்குவழி கிடையாது. இ-180 கேசட்டில் முழுசாகப் பதிவாகியிருந்தால் 3 மணி நேரமும் ஓட்டித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றை ஒதுக்குங்க. ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்க. அதன்பிறகு டெக்கைப் பழைய சாமான்காரருக்குப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.