கோட்டைக்குப் போன மனு... கொக்கிரகுளத்துக்கே!

திங்கட்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் பக்கம் போய்ப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் கலெக்டர் ஆபீஸ். குறைதீர்க்கும் நாள் என்று எங்கெங்கிருந்தோ ஜனம் மனுவும் கையுமாக நிற்கும்.

சேரன்மகாதேவிப் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர் என்று வைத்துக்கொள்வோம். பட்டாவில் பெயர் மாற்றணும், வி.ஏ.ஓ. இழுத்தடிக்கிறார். அதுதான் புகார். மனுவைப் பதிவு பண்ணி, நம்பர் போட்டு ரசீதும் கொடுத்துவிடுவார்கள். அப்புறம்? மனு தாசில்தாருக்குப் போகும். அவர் வருவாய் ஆய்வாளருக்கு அனுப்புவார். ஆய்வாளர் யாரிடம் அறிக்கை கேட்பார்? சாட்சாத் அதே வி.ஏ.ஓ.விடம்தான்!

"நான் கோட்டைக்கே எழுதுதேன் பாரு" என்று அண்ணாச்சி சென்னைக்கு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு ரிஜிஸ்டர் தபால் போடுகிறார். அங்கேயும் நம்பர் உண்டு. ஆனால் தனிப்பிரிவு ஆள் அனுப்பியா வயலை அளக்கும்? கலெக்டருக்கு அனுப்பும். கலெக்டர் தாசில்தாருக்கு... மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். போகவர ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். மனுவுக்கு டி.ஏ. கிடையாது, பாவம். 2021-ல் தனிப்பிரிவு, 1100 உதவி மையம் எல்லாவற்றையும் சேர்த்து 'முதல்வரின் முகவரி' என்று ஒரு துறை வந்தது. கம்ப்யூட்டரில் மனு சிட்டாகப் பறந்தது. இறங்கியது பழைய மேஜையில்தான்.

சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளி குடும்பம், இதே ஆபீஸ் வளாகத்தில் தீக்கு இரையானது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். நாலு பேரும் பிழைக்கவில்லை. கொடுத்த மனுக்கள் போலீஸுக்கு அனுப்பப்பட்டன, போலீஸ் கண்டுகொள்ளவில்லை என்று உறவினர்கள் குமுறினார்கள். அதற்கப்புறம் வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைத் துழாவினார்கள். மனுவை யார் விசாரிக்கிறார்கள் என்று துழாவியிருக்கலாம்.

உங்களிடம் மனு ரசீது இருந்தால் தொலைத்துவிடாதீர்கள். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: 'இந்த நம்பர் மனு எந்தத் தேதியிலிருந்து யாரிடம் இருக்கிறது?' கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். 30 நாளில் பதில் வரணும். இதுவும் அதே ஆபீஸுக்குத்தானே போகும் என்கிறீர்களா? போகும்தான். ஆனால் காரணமில்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரைக்கும் தகவல் ஆணையம் அபராதம் போடலாம். கட்ட வேண்டியது கஜானா இல்லை, அந்த அலுவலர்!