கோப்பிக் காலத்து மலையகம்

சென்னையில் காப்பி, ஹட்டனில் கோப்பி. பானம் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. தமிழ்நாட்டில் ‘காப்பி’ என்றால் குடிப்பதாகவும் இருக்கலாம், பரீட்சையில் பார்த்தெழுதுவதாகவும் இருக்கலாம். கன்னியாகுமரிப் பக்கம் ‘காப்பி குடிச்சாச்சா?’ என்று கேட்டால் அது காலைச் சாப்பாட்டைப் பற்றிய விசாரிப்பு. இலங்கைத் தமிழில் கணக்கு வேறு: குடிப்பது கோப்பி, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் எழுதுவது கொப்பி.

கோப்பி என்ற உச்சரிப்பு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், விட்டுச் சென்றது. அவர்கள் மொழியில் அது ‘கொஃபி’. அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர், நுவரெலியாத் தோட்டங்களில் விளையும் போஞ்சி ஆகியவையும் அவர்கள் வழி வந்தவையே. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் 1740 வாக்கில் இங்கே கோப்பி பயிரிட்டுப் பார்த்தார்கள். பெரிதாக எடுபடவில்லை. பயிர் நிற்காத இடத்திலும் பெயர் நின்றுவிட்டது. சிங்களத்திலும் அது கோப்பிதான்.

ஒல்லாந்தருக்கு அந்தப் பெயர் துருக்கியரின் ‘கஹ்வே’ வழியாக வந்தது. துருக்கியர் அதை ‘கஹ்வா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பழைய அரபியில் கஹ்வா என்றால் திராட்சை மது. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூஃபிகள் இரவுத் தொழுகையில் கண்ணயராமல் இருக்கக் கோப்பிக் கஷாயம் குடித்தார்கள். மதுவின் பெயர் அதற்கு வந்து சேர்ந்தது. எத்தியோப்பியாவின் கஃபா பிரதேசத்திலிருந்துதான் பெயர் பிறந்தது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் செடியின் தாயகமான அந்த நாட்டில் மக்கள் அதை ‘புன்னா’ என்றே அழைக்கிறார்கள். தமிழ் ஆர்வலர்கள் கொட்டையின் வடிவத்தை மாட்டுக் குளம்போடு ஒப்பிட்டு ‘குளம்பி’ என்றொரு பெயர் வைத்தார்கள். அது ஏட்டோடு நின்றுவிட்டது.

மலைநாட்டில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனம் உண்டு. மலையகத் தமிழரின் முன்னோர் இங்கே வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தானே ஒரு தோட்டம் நடத்தினார். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிமார் ஆள் கூட்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை.

கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1870 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் அந்தர் (ஹண்ட்ரட்வெயிட்) கோப்பி கப்பலேறியது. 1867இல் கண்டி வரை வந்த ரயில் பாதையும் இந்தக் கோப்பிக்காகத்தான் போடப்பட்டது. டிக்கோயா, டிம்புளைக் காடுகள் அழிந்து தோட்டங்களாயின.

1869இல் இரண்டு காரியங்கள் நடந்தன. தோட்ட வேலையைப் பாடும் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சேறியது. அதே ஆண்டு கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாய் ஒரு நோய் தென்பட்டது. விரலால் தடவினால் துருப்போல ஒட்டிக்கொள்ளும். அது ஒரு பூஞ்சணம். அதன் வித்துகளைக் காற்று மலைக்கு மலை கொண்டுபோயிற்று. இலை கொட்டியது, இலையில்லாத செடியில் காய் பிடிக்கவில்லை. இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் பாழாயின. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் முறிந்தது.

1867இலேயே லூல்கந்துறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தோட்டத் துரைமார் தேயிலைப் பக்கம் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் தங்க வேண்டியதாயிற்று. பெண்களின் உழைப்பே தோட்டத்தின் முதுகெலும்பானது. கோப்பி காயவைத்துச் சேர்த்த கட்டடத்தைத் துரைமார் ‘ஸ்டோர்’ என்றார்கள். பயிர் மாறியும் பெயர் மாறவில்லை: தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்து மக்கள் சொல்லும் பெயரும் ‘இஸ்டோர்’தான்.

2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த இருநூறு ஆண்டுக் கணக்கு தொடங்குவது கோப்பியிலிருந்து. பாடப்புத்தகம் எழுதுவோரும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். தேயிலையில் தொடங்கினால், முதல் நாற்பது ஆண்டுகளில் காடு வெட்டி, பாதை போட்டு, வழியில் மாண்டவர்கள் வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.