வளர்த்த உயிர் மறைந்தபின் வரும் உறங்கா இரவுகள்

2022 நவம்பர் 30 அன்று புதுவை மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி, காலை நடையின்போது வீழ்ந்து இறந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு கண்ணீருடன் வழியனுப்பினர். ஊரே பகிர்ந்துகொண்ட துயர் அது. ஆனால் நம் காரைக்காலில் ஓர் இல்லத்து நாய் பல்லாண்டு வாழ்ந்து மறைந்தால், "நாய்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் ஆறுதல். பிறர் நகைப்பர் என்று அஞ்சிப் பகலில் அடக்கிய அழுகை, இரவில் விழித்துக்கொள்கிறது. சுற்றத்தார் ஏற்க மறுக்கும் இத்தகைய துயரைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் தனி நூலே தொகுத்தளித்தார்.

திருநூல் இவ்வன்பை இகழவில்லை. தோபியா பயணம் புறப்பட்டபோது அவருடைய நாயும் உடன் சென்றது. நாத்தான் தாவீது அரசருக்குக் கூறிய கதையில், ஏழையின் ஆட்டுக்குட்டி அவன் மடியிலே உறங்கி, மகளைப் போலவே வளர்ந்தது.

உறக்கம் கெடுவதற்குப் பழக்கமும் ஒரு காரணம். விடியுமுன் கடலுக்குச் செல்வோர் வீடுகளில் நாயும் உடன் எழும். அதன் காலடி ஓசைக்குப் பழகிய செவி, அவ்வோசையற்ற அமைதியில் விழித்தே கிடக்கும்.

இதற்குச் செய்யத்தக்கவை சில. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் உறக்கம் வராவிடில் பாயைவிட்டு எழுந்து, மங்கிய ஒளியில் அமர்ந்து, கண் சொக்கும்போது மட்டுமே திரும்புக. உளவியலார் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த முறை இது. இரவு எவ்வாறு கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுக. பிற்பகலுக்குப்பின் காபி, தேநீர் தவிர்க்க. அவற்றின் ஊக்கப்பொருளில் பாதி, ஐந்து மணி நேரத்திற்குப் பின்னும் உடலில் தங்கியிருக்கும். அழுகையைப் பகலிலேயே அழுது தீர்ப்பது நன்று. வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கமின்றி அது மூன்று மாதம் நீடித்தாலோ, வாழ்வே வெறுத்தாலோ, தாமதியாது மருத்துவரை நாடுக. தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணல் ஆகாது.

பெற்றோரே, "நாய் தூங்கிவிட்டது" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தூங்கினால் தாமும் எழமாட்டோம் என அஞ்சிப் பல பிள்ளைகள் கண்மூட மறுப்பதுண்டு. "இறந்துவிட்டது, இனி வராது" என்ற உண்மையை மடியில் அமர்த்திக் கூறுங்கள். புதைக்கும்போது அவர்களும் உடனிருக்கட்டும்.

அண்டை வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்தமுறை இத்தகைய செய்தி கேட்டால், வேறொன்று வாங்கச் சொல்லாமல், அதன் பெயரையும் அது வீட்டுக்கு வந்த கதையையும் கேளுங்கள். பகலில் ஒருவர் செவிகொடுத்துக் கேட்டால், அன்றிரவுச் சுமை சற்றே குறையும்.