கிழ நாய்க்கு மனுஷ மாத்திரை எமன்! மூட்டு வலியைப் போக்க வழி என்ன?

காட்டுப்பள்ளியில் 2013-ம் வருஷம் துறைமுகம் திறக்கப்பட்டது. அந்த வருஷம் குட்டியாக வந்த நாய் இன்னும் உயிரோடு இருந்தால், அது இப்போது பல்லுப் போன கிழடு!

கன்டெய்னர் யார்டு வாசலில், குடோன் ஓரத்தில், குப்பத்துப் படகு நிழலில் இப்படிப்பட்ட கிழ நாய்கள் சுருண்டு கிடக்கும். ஒரு காலத்தில் லாரி சத்தம் கேட்டாலே எகிறிக் குதித்தவை. இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்து விடும்.

"அதுக்கு வயசாயிடுச்சு, விடுப்பா!" என்பார்கள்.

வயசு மட்டும் காரணம் அல்ல. பல நாய்களுக்கு மூட்டு வலிக்கிறது!

கத்தாது... கதறாது...

அடிபட்ட நாய் ஊளையிடும். ஆனால், வருஷக்கணக்கில் வலியோடு வாழும் நாய் சத்தமே போடாது. அதன் நடத்தையில்தான் வலி தெரியும்.

படுத்து எழுந்ததும் நாலைந்து அடி விந்தி விந்தி நடக்கும். அப்புறம் சரியாகி விட்டது போலத் தெரியும். படி ஏறத் தயங்கும். ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி இடம் மாறி மாறிப் படுக்கும். பின்னங்கால் சதை வற்றிப் போகும்.

இடுப்பில் கை வைத்தால் உறுமும். சில சமயம் கடித்தும் விடும். உடனே, "வெறி பிடிச்சிடுச்சு" என்று தடியைத் தூக்கி விடுவார்கள். பாவம், அது வலி தாங்காமல் கடித்திருக்கலாம்.

அதற்காகக் கடியை அலட்சியப்படுத்தக் கூடாது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும் விஷம்

நாய் மீது பாசம் உள்ளவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. மெடிக்கல் ஷாப்பில் நாலு வலி மாத்திரை வாங்கி, பிஸ்கட்டுக்குள் வைத்துக் கொடுத்து விடுவார்கள்.

அது மருந்து அல்ல, விஷம்!

மனிதனுக்குத் தலைவலியைப் போக்கும் இபுபுரூபன் மாத்திரை நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோபினாக்கும் அப்படித்தான். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் கெடும். பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரைக் குடித்து விடும்.

டைக்ளோபினாக்கை மாடு முதலிய கால்நடைகளுக்குப் போட 2006-ல் மத்திய அரசு தடை விதித்தது. அந்த மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததே காரணம். ஒரு பிராணிக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து இன்னொன்றுக்கு எமனாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒரு மில்லிகிராம் கணக்கு

அப்படியானால் நாய்க்கு வலி மருந்தே கிடையாதா?

உண்டு. மெலாக்சிகாம், கார்புரோபென் போன்ற மருந்துகளைக் கால்நடை டாக்டர்கள் கொடுக்கிறார்கள். ஆனால், எல்லாம் எடைக் கணக்கு. 10 கிலோ நாய்க்கு முதல் நாளைக்குப் பிறகு மெலாக்சிகாம் தினமும் 1 மில்லிகிராம்தான். மனிதருக்கான மாத்திரை ஒன்றில் இருப்பதோ ஏழரை மில்லிகிராம். பெயர் ஒன்றுதான் என்று முழு மாத்திரையைக் கொடுத்தால் ஏழு மடங்குக்கு மேல் போய் விடும்!

டாக்டர் கொடுத்த மருந்தானாலும் கவனம் தேவை. நாய் வாந்தி எடுத்தால், சாப்பிட மறுத்தால், தார் போலக் கறுப்பாக மலம் போனால் மருந்தை நிறுத்தி விட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். ஸ்டீராய்டு மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

விந்தி நடப்பதெல்லாம் வயசுக் கோளாறு என்றும் நினைக்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்தாலும் மூட்டு வீங்கும், ரத்தம் உறையும் சக்தி குறையும். அந்த நேரத்தில் வலி மருந்து கொடுத்தால் ஆபத்து. ரத்தப் பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும்.

காசில்லா வைத்தியம்

மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதியை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் எடை. அமெரிக்காவில் பூரினா நிறுவனம் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை கவனித்தது. பாதி நாய்களுக்குச் சாப்பாட்டில் கால் பங்கு குறைத்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைத்துச் சாப்பிட்டவை ஏறக்குறைய 2 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வாதமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

ஆகவே, டீக்கடை பன், பிஸ்கட், மிச்ச பிரியாணி என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் போட்டுக் கொழுக்க வைப்பது அன்பு அல்ல. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான எடை.

அடுத்து படுக்கை. வெறும் சிமெண்ட் தரையில், மார்கழிப் பனியில் படுத்தால் மூட்டு இறுகி விடும். நாலு சாக்கை மடித்துப் போட்டாலே போதும். வழுக்கும் டைல்ஸ் தரையில் பழைய பாயை விரிக்கலாம்.

நடையை நிறுத்தக் கூடாது. வெயில் ஏறுமுன் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். கால் புதையும் மணல் வேண்டாம். அலை ஓரத்து ஈர மணல் நல்லது.

எங்கே போவது?

சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள ஆஸ்பத்திரியில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். காட்டுப்பள்ளியிலிருந்து முப்பது கிலோ மீட்டருக்கு மேல். நடக்க முடியாத நாயைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவது கஷ்டம்தான். அதனால்தான் பலர் மெடிக்கல் ஷாப் வாசலிலேயே நின்று விடுகிறார்கள்.

ஆனால், ஒரு தடவை போய் நோயைக் கண்டுபிடித்து, எடை பார்த்து, மருந்தின் அளவை எழுதி வாங்கி வந்தால் நாயின் மிச்ச நாட்கள் நிம்மதியாகக் கழியும். பக்கத்தில் உள்ள கால்நடை டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டி வைத்தியத்தைத் தொடரலாம்.

பத்து வருஷம் ராத்திரி கண் விழித்துக் காவல் காத்த ஜீவன் அது. சம்பளம் கேட்கவில்லை, ஓவர்டைம் கேட்கவில்லை. அதற்கு ஒரு நாள் லீவு போட்டால் குறைந்தா போய்விடும்?