தின்னது நிக்கலையா? ஓயாத கேஸ் தொல்லையா? வயிறு விஷயத்தில் எது நார்மல், எது ஆபத்து!

திருப்பூர்:-

பால் குடித்தால் கடமுடா. பருப்பு சாப்பிட்டால் வாயு. சப்பாத்தி சாப்பிட்டால் உப்புசம். "நமக்கு இது ஒத்துக்கலை" என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் கொண்டே வந்து, கடைசியில் வெறும் ரசம் சாதத்தில் நிற்பவர்கள் நிறைய பேர். பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவர்கள், டிரைவர்கள், கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் மத்தியில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கலாம்.

இத்தனை பத்தியம் இருந்தும் "வயிறு இன்னும் சரியாகலை" என்பார்கள். சரியான வயிறு என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் வராது. சத்தமே போடாத, காற்றே பிரியாத வயிறு யாருக்குமே கிடையாது. அது தெரியாமல் சத்தான சாப்பாட்டை எல்லாம் ஒதுக்கினால் உடம்புதான் இளைக்கும். இன்னொரு பக்கம், நிஜமான ஆபத்தை "சூடு", "மூலம்" என்று சொல்லி விட்டு விடுகிறார்கள்.

இது குறித்து டாக்டர்கள் சொல்லும் விவரம் வருமாறு:-

எத்தனை தடவை போகலாம்?

தினமும் காலையில் ஒரு தடவை போயே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு 3 தடவை போனாலும் நார்மல்தான். வாரத்துக்கு 3 தடவை போனாலும் நார்மல்தான். முக்காமல், வலி இல்லாமல் போகிறதா என்பதுதான் முக்கியம்.

எண்ணிக்கையை விட எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதற்காக 'பிரிஸ்டல் அளவுகோல்' என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் உருவாகி 1997-ல் ஆய்வு இதழில் வெளியானது. மொத்தம் 7 வகை. 1-வது வகை ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டி. 7-வது வகை வெறும் தண்ணீர். நடுவில் உள்ள 3, 4-வது வகைகள், அதாவது வாழைப்பழம் போல முழுசாக வருவதுதான் நல்ல ஜீரணத்துக்கு அடையாளம். என்றைக்காவது ஒரு நாள் மாறினால் பயப்பட வேண்டியது இல்லை.

தின்னதும் வருவது ஏன்?

"சாப்பிட்டது அப்படியே போகுது, வயித்துல நிக்க மாட்டேங்குது" என்று பலர் கவலைப்படுகிறார்கள். உண்மையில் சாப்பிட்ட சாப்பாடு வாயில் இருந்து கடைசி வரை போய்ச் சேர பொதுவாக 1 முதல் 3 நாள் வரை ஆகும். இரைப்பையில் சோறு விழுந்ததும், "இடம் காலி பண்ணு" என்று பெருங்குடலுக்குத் தகவல் போகிறது. அதனால் வெளியே வருவது நேற்றோ, முந்தாநாளோ சாப்பிட்டது. இன்றைக்குத் தின்ற இட்லி மேல் பழி போட்டால் எப்படி?

தக்காளித் தோல், மிளகாய் விதை, கீரைத் துணுக்கு அப்படியே வருவதும் சகஜம். பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாகவும், கீரை நிறைய சாப்பிட்டால் பச்சையாகவும், சத்து மாத்திரை (இரும்புச்சத்து) போட்டால் கருப்பாகவும் போகலாம்.

கேஸ் எவ்வளவு?

நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை வரை காற்று பிரியும். பருப்பு, பயறு, கொண்டைக்கடலையில் உள்ள சில சர்க்கரைகளை உடைக்கிற என்சைம் மனுஷ குடலில் கிடையாது. அவை பெருங்குடலுக்குப் போனதும் அங்கே உள்ள பாக்டீரியாக்கள் தின்று காற்றை விடுகின்றன. அது குடல் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மதியம் சாப்பிட்ட பிறகு வயிறு லேசாக உப்பி, காலையில் பழையபடி ஆகி விட்டால் அதுவும் நார்மல்தான்.

பயறை ராத்திரியே ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி விட்டு, புதுத் தண்ணீரில் வேக வைத்தால் வாயு குறையும். பருப்பையே நிறுத்தத் தேவை இல்லை.

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி, வளர்ந்த பிறகு நிறைய பேருக்குக் குறைந்து விடும். ஆனாலும் ஒரு டம்ளர் பால் (250 மில்லி) வரை பெரும்பாலானோருக்குப் பெரிய தொல்லை வராது. டீக்கடை டீயில் இருக்கும் பால் அதை விட ரொம்பக் குறைவு. தயிரில் லாக்டோசின் ஒரு பகுதியை பாக்டீரியாவே தின்று விடுவதால் பலருக்கு அது சுலபமாக ஒத்துக்கொள்ளும்.

இது வேற 'ஐ.பி.எஸ்.'

ஐ.பி.எஸ். என்றதும் போலீஸ் அதிகாரி ஞாபகம் வரும். டாக்டர்கள் சொல்லும் ஐ.பி.எஸ். வேறு. குடல் ரொம்ப உணர்ச்சியோடு இருப்பதால் வரும் தொந்தரவு அது. கடந்த 3 மாதமாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி, அந்த வலியோடு சேர்ந்து பேதி அல்லது மலச்சிக்கல் என்று இருந்தால், டாக்டர்கள் இதைச் சந்தேகிப்பார்கள்.

இதற்கு 'ஃபாட்மேப்' என்ற சாப்பாட்டு முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, பால், மாம்பழம் போன்றவற்றை 2 முதல் 6 வாரம் வரை மட்டும் குறைப்பார்கள். அரிசிச் சோறு, முட்டை, மீன், கேரட் எல்லாம் சாப்பிடலாம். வெறும் ரசம் சாதத்துக்கு மாறியும் சிலருக்கு வயிறு அடங்காததற்குக் காரணம், ரசத்தில் தட்டிப் போட்ட பூண்டாகவே இருக்கலாம். பூண்டில் வாயு உண்டாக்கும் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்து விட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். வாசமும் இருக்கும், வயிறும் தாங்கும்.

நிறைய பேர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். ஒதுக்கியதை அப்படியே ஒதுக்கி விடக் கூடாது. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு, பயறு என்றால் முதல் நாள் ஒரு ஸ்பூன், மறுநாள் 2 ஸ்பூன், 3-வது நாள் அரை கிண்ணம். எந்த அளவில் தொல்லை வருகிறது என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த அளவுக்குக் கீழே தாராளமாகச் சாப்பிடலாம். அது தெரியாமல் பருப்பையும் பாலையும் வருஷக்கணக்கில் விட்டால் புரதமும் கால்சியமும் குறைந்து போகும். உடல் உழைப்புக்காரர்களுக்கு அது பெரிய நஷ்டம்.

இன்னொன்று. கோதுமை ஒத்துக்கவில்லை என்று நீங்களாகவே நிறுத்தும் முன்பு டாக்டரைப் பார்த்து, 'சீலியாக்' நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

* மலத்தில் ரத்தம் வந்தால். மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

* சத்து மாத்திரை போடாமலேயே தார் மாதிரி கருப்பாகப் போனால்.

* காரணம் இல்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை இருந்தால்.

* தூக்கத்தில் இருந்து எழுப்பி விடும் அளவுக்கு வலியோ, பேதியோ வந்தால்.

* காய்ச்சலோடு பேதி, விடாத வாந்தி இருந்தால்.

* 45 வயதுக்கு மேல் திடீரென்று வெளிக்குப் போகும் பழக்கம் மாறி, சில வாரமாக அப்படியே நீடித்தால்.

* குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்து, உங்களுக்கும் வயிற்றில் மாற்றம் தெரிந்தால்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நெஞ்சு வலியை 'கேஸ்' என்று நினைத்து சோடா குடித்துக் கொண்டு இருக்காதீர்கள். நெஞ்சை அழுத்துவது போல வலி, வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி என்றால் மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிஷம் கூட தாமதிக்காமல் 108-க்கு போன் போடுங்கள்.

மற்றபடி, பக்கத்து வீட்டுக்காரர் வயிறு எப்படி என்று பார்க்காதீர்கள். உங்களுக்கு வழக்கமாக எப்படி இருக்குமோ அதுதான் உங்கள் அளவு. அது மாறி, மாறினபடியே நின்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடாமல், பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது என்று எழுதின நோட்டையும் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.