உப்புக் காற்று பட்ட பழைய கேம்பர் வேன்

மரக்காணம் உப்பளப் பக்கம் ஓடிய பழைய வேன் விலைக்கு வந்தால், எஞ்சினைவிட அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் தேய்ந்தால் ரீபோர் செய்துகொள்ளலாம். சேஸி அரித்துவிட்டால் செலவுக்கு எல்லையே இல்லை.

படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே அமைந்த வேன்தான் கேம்பர். ஃபோக்ஸ்வேகன் 1950இல் வெளியிட்ட வேனை, ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதல் இப்படி மாற்றிக் கொடுத்தது. நம் நாட்டில் கேம்பராக்கத் தோதான பழைய வண்டி பஜாஜ் டெம்போவின் மாட்டடார். எஞ்சின் விசை முன்சக்கரங்களுக்கே போவதால் பின்னால் நீளும் தண்டு கிடையாது. தளம் தாழ்வாக இருக்கும்.

உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துத் தகட்டின் மேல் தேக்கி வைக்கிறது. அதிலுள்ள குளோரைடு, இரும்பு துருப்பிடிப்பதை விரைவுபடுத்துகிறது. கதவுக்குக் கீழே உள்ள மடிப்பு, சக்கரக் கூண்டின் உள்பக்கம், ஜன்னல் ரப்பரின் அடி ஆகிய இடங்களில்தான் முதலில் அரிக்கும். கண்ணுக்குத் தெரிவதற்குள் உள்ளே பாதி போயிருக்கும். விற்பனைக்கு முன் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்து ஓட்டையை மறைப்பதும் உண்டு. சிறு காந்தத்தைத் தகட்டில் நகர்த்திப் பார்த்தால், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அது ஒட்டாமல் நழுவும். மடிப்புகளை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல அழுத்தினால் அரித்த தகடு உள்வாங்கும். வாங்கிய பிறகு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். உப்பேறிய கிணற்று நீர் துருவைக் கூட்டும்.

அடுத்தது ஆவணம். 50 ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாத வண்டியை 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு ஆகாது. சாதாரண வேனைப் பின்னாளில் கேம்பராக மாற்றியிருந்தால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தது நடப்பில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சேஸி எண் துருவில் அழிந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது.