உங்கள் வீட்டுக்கு எந்த எழுத்து?

புயல் கரைகள் – 9

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லான்டிக் கடலின் ஹரிக்கேன் பருவம். செப்டம்பர் 10 வாக்கில் அதன் உச்சம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மே மாதக் கடைசியிலேயே பேட்டரி, டார்ச் லைட், தண்ணீர் பாட்டில் எல்லாம் கடைகளின் முன்வரிசைக்கு வந்துவிடும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு வாரத்துக்குச் சேர்த்து வையுங்கள் என்கிறது அரசு. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

இப்படி வாங்கி அடுக்குவதில் ஒரு நிம்மதி கிடைக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசி நாளில்கூடக் கடைக்கு ஓடி வாங்கக்கூடிய பொருட்கள் இவை. கடைசி நாளில் எந்தக் கடையிலும் கிடைக்காத சில உண்டு. இந்த வாரம் அவற்றைப் பற்றி.

முதலில் ஓர் எழுத்து. புளோரிடாவின் கடலோர மாவட்டங்கள் ஏ, பி, சி என்று வெளியேற்ற மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கடல் பொங்கினால் முதலில் மூழ்கும் இடம் ஏ. புயல் நெருங்கும்போது அதிகாரிகள் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். "ஏ, பி மண்டலத்தார் கிளம்புங்கள்" என்பார்கள், அவ்வளவுதான். இணையத்தில் முகவரியைத் தட்டினால் நம் எழுத்து தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், காப்பீட்டுக்காக வெள்ள மண்டல வரைபடம் என்று இன்னொன்றும் இருக்கிறது. அதன் கணக்கே வேறு. வீட்டுக்கடன் வாங்கும்போது "இந்த வீடு வெள்ள அபாய மண்டலத்தில் இல்லை" என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, வெளியேற்ற உத்தரவு தமக்கில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

புளோரிடாக்காரர்களின் மனதில் காற்றுதான் பெரிய பயம். அதற்குக் காரணம் 1992 ஆகஸ்ட் 24. மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் ஊரை ஆண்ட்ரூ புயல் பிய்த்தெறிந்தது. கார் நிறுத்தும் கராஜின் அகலக் கதவு உள்ளே சரிந்ததும் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கிய வீடுகள் ஏராளம். கட்டட விதிகள் கடுமையாகி, 2002இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. இன்று கராஜ் கதவுக்கு வலுவூட்டுவதும் ஜன்னல்களுக்கு இரும்பு ஷட்டரோ தடித்த பிளைவுட்டோ அடிப்பதும் அந்த ஊர்களில் சாதாரணம். ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அதனால் எந்தப் பயனும் இல்லை. உடைந்தால் பெரிய பெரிய துண்டுகளாக விழும், அது இன்னும் ஆபத்து.

ஒன்று முதல் ஐந்து வரை புயலுக்குத் தரும் எண்ணும் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. கடல் எத்தனை அடி ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்று அந்த எண் சொல்லாது. 2022 செப்டம்பரில் இயன் புயல் வந்தபோது முதலில் எல்லோர் கண்ணும் டாம்பா நகரின் மேல் இருந்தது. தொலைக்காட்சியில் காட்டும் கூம்பு வடிவப் படத்தின் நடுக்கோடு அங்கேதான் போயிற்று. அந்தக் கூம்பு புயலின் மையம் போகக்கூடிய பாதையைக் காட்டுவது. அதுவும் மூன்றில் இரண்டு பங்கு தடவைதான் மையம் அதற்குள் இருக்கும். புயலின் அகலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெற்கே லீ மாவட்டம் கூம்பின் ஓரத்தில் இருந்தது. வெளியேற்ற உத்தரவு 27ஆம் தேதி காலையில் வந்தது. 28ஆம் தேதி பிற்பகல் புயல் அங்கேயே கரையேறியது. ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் தரைக்கு மேல் 10 அடிக்கும் அதிகமாகக் கடல் நின்றது. புயலின் நேரடித் தாக்குதலில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரில் போனவர்கள்.

காற்று என்றால் உறுதியான வீட்டுக்குள் பதுங்கலாம். தண்ணீர் என்றால் ஓடத்தான் வேண்டும், அதுவும் நேரத்தோடு. நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டியதில்லை. பத்து இருபது மைல் உள்ளே, மேடான இடத்தில், ஷட்டர் போட்ட நண்பர் வீடு போதும். "வந்தால் தங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்க வேண்டிய மாதம் மே.

ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருக்கும் முதியவர் வீட்டில் இருந்தால் இன்னொரு வேலை. சிறப்புத் தேவை முகாம்களுக்கு மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் பதிந்து வைக்க வேண்டும்.

அடுத்தது காப்பீடு. சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றுச் சேதத்துக்குப் பணம் தரும், வெள்ளத்துக்குத் தராது. வாடகைக்கு இருப்பவர்கள் எடுக்கும் பாலிசியும் பொதுவாக அப்படித்தான். டாம்பா, ஆர்லாண்டோ பக்கம் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வெள்ளத்துக்கு 1968 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டம் தனியே இருக்கிறது. ஆனால் இன்று பணம் கட்டினால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடினால், வீட்டுக் காப்பீட்டுக்காரர்களும் புதிய பாலிசி எழுதுவதை நிறுத்தியிருப்பார்கள். பாலிசி இருப்பவரும் ஒரு வரியைப் படிக்க வேண்டும். ஹரிக்கேன் சேதத்தில் முதல் பங்கு வீட்டுக்காரர் தலையில், அதுவும் சதவீதக் கணக்கில். நாலு லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் நம் பணம். கடலே இல்லாத ஊர் என்று நினைப்பவர்களுக்கு வட கரோலினாவின் ஆஷ்வில் இருக்கிறது. 2024இல் ஹெலீன் புயலின் மழை அந்த மலையூரை அடித்துச் சென்றது. வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் மிகச் சொற்பம்.

புயல் போன மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும், மின்சாரம் இருக்காது. 2017இல் இர்மா புயல் கடந்த பின் ஹாலிவுட் என்ற புளோரிடா ஊரில், ஏ.சி. நின்றுபோன முதியோர் மருத்துவ இல்லத்தில் புழுக்கத்தால் 12 பேர் இறந்தார்கள். 2020இல் லூசியானாவைத் தாக்கிய லாராவில், கடல் பொங்கி இறந்தவர்களைவிட ஜெனரேட்டர் புகையில் இறந்தவர்கள் அதிகம். மழைக்குப் பயந்தோ திருட்டுக்குப் பயந்தோ கராஜுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு எட்டும் கெட்டியான எக்ஸ்டென்ஷன் வயரையும், பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரத்தையும் ஜெனரேட்டர் வாங்கும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

(தொடரும்)